பிள்ளை பிறந்ததும் எடுக்க வேண்டிய முதல் காகிதம்

(சபரில் இருக்கும் குடும்பத்தாருக்காக நமது அறக்கட்டளை நடத்திய ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, விடுமுறையில் ஊர் வந்திருக்கும் தம்பிமார்களே!

வெளிநாட்டில் பிறக்கிற பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இதில் பேச என்ன இருக்கிறது, ஃபாரத்தை நிரப்பிப் பணத்தைக் கட்டினால் வந்துவிடுமே என்று சிலர் நினைக்கலாம். நிறையப் பேருக்கு அப்படித்தான் வந்துவிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். வராமல் போன சில குடும்பங்களுக்காகத்தான் இந்தக் கூட்டம். துபாயில் இருந்த காலத்தில் விடுமுறை நாட்களில் நம் ஊர்க்காரர்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்து வந்தேன். இப்போது அதே வேலையை இங்கே அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார்ந்து செய்கிறேன். அதில் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நமக்குப் பாஸ்போர்ட் என்றால் பயணத்துக்கான புத்தகம். அது தொலைந்தாலும் நாம் இந்தியர்தான். ஆதார் இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது. துபாயிலோ ரியாத்திலோ தோஹாவிலோ பிறந்த பிள்ளைக்கு இவை எதுவும் கிடையாது. அந்த மண்ணில் பிறந்ததாலேயே அந்த நாடு குடியுரிமை கொடுப்பதும் இல்லை. வளைகுடாவில் எந்த நாட்டிலும் நம் பிள்ளைகளுக்கு அப்படிக் கிடைக்காது. இந்தியாவும் தானாகக் கொடுத்துவிடாது. இந்த இரண்டாவது விஷயம்தான் பலருக்குத் தெரியவில்லை.

நமது குடியுரிமைச் சட்டம் 1955-ல் வந்தது. அதன் 4-வது பிரிவு, வெளிநாட்டில் பிறக்கும் இந்தியர்களின் பிள்ளைகளைப் பற்றியது. ஒரு காலத்தில் தகப்பன் இந்தியராக இருந்தால்தான் பிள்ளை இந்தியர். 1992 டிசம்பர் 10 முதல், தாய் அல்லது தகப்பன் யாராவது ஒருவர் இந்தியராக இருந்தால் போதும் என்று ஆனது. பிறகு 2004 டிசம்பர் 3 முதல் ஒரு நிபந்தனை சேர்ந்தது. அன்றைக்கோ அதற்குப் பிறகோ வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை, பிறந்த 1 வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால்தான் இந்தியக் குடிமகன். வருடம் தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி வாங்கித்தான் பதிவு செய்ய முடியும். பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுத்தில் உறுதி கொடுக்கவும் வேண்டும்.

வாப்பாவும் இந்தியர், உம்மாவும் இந்தியர், பிள்ளை மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று கேட்பீர்கள். சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆகவே ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்று, தூதரகத்தில் செய்யும் பிறப்புப் பதிவு ஒன்று, பாஸ்போர்ட் ஒன்று. மூன்றும் வெவ்வேறு. பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கும்போதே பதிவுக்கும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அப்படிக் கொடுத்தாலும் கவுண்டரில் வாய் திறந்து கேளுங்கள்: "பிறப்புப் பதிவும் இதிலேயே சேர்ந்ததா, அதற்கு ரசீது எது?" பிறப்புப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் நகல் எடுத்து ஒன்றை ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.

அமெரிக்கா, கனடாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குக் கதை வேறு. அங்கே பிறந்தால் அந்த நாட்டுக் குடிமகன். அந்தப் பாஸ்போர்ட்டை எடுத்த பிறகு இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. அதற்குப் பதில் ஓ.சி.ஐ. அட்டை. அதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது நாள் கணக்கு. அமீரகத்தை எடுத்துக்கொள்கிறேன், நம் ஊர்க்காரர் அதிகம் இருப்பது அங்கேதான். அங்கே பிறந்த பிள்ளைக்கு, பிறந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் குடியிருப்பு விசா எடுக்க வேண்டும். தவறினால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் ஏறும். பிள்ளையிடம் பாஸ்போர்ட் இல்லாமல் விசா அடிக்க முடியாது. நான்கு மாதம் இருக்கிறதே என்று தோன்றும். நாற்பது கழியாமல் பிள்ளைபெற்றவளை வெளியே அழைத்துப் போகக்கூடாது என்று ஊரிலிருந்து மாமி போனில் சொல்லிவிடுவார். ஆக மிச்சம் 80 நாள். அதில் பெயர் முடிவாக வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்த வேண்டும், ஆன்லைனில் ஃபாரம் ஏற்ற வேண்டும், அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்க வேண்டும், பாஸ்போர்ட் அச்சாகி வர வேண்டும், அதன்பின் விசா. நடுவில் ரமலானோ பெருநாள் விடுமுறையோ வந்தால் அதுவும் கழியும். நாற்பதை நான் குறை சொல்லவில்லை. அந்த நாற்பது நாளில் வாப்பா தனியாகச் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. சான்றிதழ் வாங்குவது, ஃபாரத்தை ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. உம்மாவின் கையெழுத்து வீட்டிலேயே கிடைக்கும். மையத்துக்கு உம்மாவும் பிள்ளையும் நேரில் வர வேண்டுமா என்பதை அப்பாயிண்ட்மெண்ட் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். இதில்தான் நம் சமுதாயம் படும் பாடு கொஞ்சமல்ல.

ஏழாம் நாள் பெயர் வைக்க வேண்டும். வாப்பா வீட்டில் ஒரு பெயர், உம்மா வீட்டில் ஒரு பெயர், மூத்தார் பெயரை விடக்கூடாது என்று பெரியம்மா, புதுப் பெயராக இருக்கட்டும் என்று மச்சான். கடைசியில் எல்லார் மனதும் நோகாமல் நான்கு பெயரைச் சேர்த்து ஒரே பிள்ளைக்கு வைத்துவிடுகிறோம். நல்லது. ஆனால் அதைப் போனில் கேட்டு, அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு அரபி குமாஸ்தா அரபியில் எழுதுகிறார். அவர் எழுதியதை இன்னொருவர் ஆங்கிலமாக்குகிறார். "அப்துல் காதர்" என்று போனது வேறு எழுத்துக்களோடு ஒரே சொல்லாகத் திரும்பி வருகிறது. அரபிக்காரருக்கு அப்துல் காதராவது தெரியும். நெய்னா தெரியுமா? சேகு தெரியுமா? லெப்பையும் மரைக்காயரும் நாச்சியாரும் தெரியுமா? அவர் காதில் விழுந்தபடி எழுதுவார். அவர்மேல் குற்றமில்லை.

முஹம்மது என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எம்-க்குப் பிறகு ஓ போடுவார் ஒருவர், யூ போடுவார் ஒருவர். நடுவில் ஒரு எம்மா இரண்டு எம்மா? முடிவில் ஈ டி-யா, ஏ டி-யா? ஒரே வீட்டில் வாப்பாவுக்கு ஒரு விதம், மூத்த பையனுக்கு ஒரு விதம், இளையவனுக்கு ஒரு விதம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளையின் சான்றிதழில் உள்ள வாப்பா பெயரும் வாப்பாவின் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒரு எழுத்து மாறினாலும் கவுண்டரில் ஃபைல் திரும்பி வரும். அப்புறம் சான்றிதழ் கொடுத்த சுகாதாரத் துறையிடமே போய்த் திருத்தி வாங்க வேண்டும். அந்த 80 நாளில் எத்தனை நாள் இதற்குப் போகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பிரசவத்துக்குப் போகும்போதே வாப்பா, உம்மா இருவரின் பாஸ்போர்ட் நகலையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். பிள்ளையின் பெயரை ஒரு தாளில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அரபி எழுதத் தெரிந்த ஆலிம் யாராவது பக்கத்தில் இருந்தால் அரபியிலும் எழுதி வாங்கிக் கொடுங்கள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள்.

அப்புறம் குடும்பப் பெயர் என்ற கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வாப்பா பெயரின் முதல் எழுத்தைத்தான் முன்னால் போடுவோம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். அதனால் பலர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் அமீரகம் ஒரு விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடுவதில்லை என்று. விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு. கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் ஏற்கிறோம் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் புதிதாக எடுக்கும் பிள்ளைக்கு அந்தத் தொல்லை எதற்கு? பிள்ளையின் சொந்தப் பெயரை முதல் கட்டத்திலும், வாப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் எழுதுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி எழுதுங்கள். என் கருத்து, நான்கு பெயர் வைப்பதை இரண்டாகக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பெரியம்மா கோபித்துக்கொள்வார்; கூப்பிடுவதற்கு அவர் விரும்பிய பெயரையே வைத்துக்கொள்ளட்டும்.

நிக்காஹ் சான்றிதழுக்கு வருகிறேன். இதில் ஊரில் இருப்பவர்களுக்குத்தான் வேலை.

அங்கே பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள், மனைவியை விசாவில் அழைக்கவும் கேட்பார்கள், பிள்ளை பாஸ்போர்ட்டுக்கும் கேட்பார்கள். பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட்டிலும் துணையின் பெயர் ஏறியிருந்தால் பாஸ்போர்ட் வேலை சுலபம். நம் பெண்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அதில் கணவன் பெயர் இருக்காது. பள்ளிவாசல் தஃப்தரில் நிக்காஹ் பதிவு இருக்கிறதே என்பார்கள். மார்க்கப்படி நிக்காஹ் நடந்ததற்கு அது போதும். அரசாங்க அலுவலகத்துக்கு அரசாங்கப் பதிவுதான் வேண்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ல் வந்தது. எந்த மதத்தில் நடந்த திருமணமாக இருந்தாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. தஃப்தர் நகலை வைத்து அதைச் செய்யலாம். மாப்பிள்ளை ஒரு மாத லீவில் வந்து, நிக்காஹ் முடிந்து, விருந்துக்கெல்லாம் போய்விட்டுப் பயணம் போய்விடுகிறார். பதிவு நிற்கிறது. பிறகு பிள்ளை பிறந்த பிறகு இருவர் கையெழுத்துக்கும் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. விருந்து நாட்களில் ஒரே ஒரு நாளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒதுக்கச் சொல்லி ஜமாஅத் பெரியவர்கள் மாப்பிள்ளை வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன் செய்வதையும் இங்கிருந்தே முடித்து அனுப்பிவிடுங்கள்.

ஃபோட்டோ பற்றிச் சுருக்கமாக. வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும், முகம் நேராக இருக்க வேண்டும், தாங்கிப் பிடித்தவர் கை தெரியக்கூடாது. வெள்ளைத் துணியில் படுக்க வைத்து மேலிருந்து எடுப்பதுதான் வழி. பால் குடித்து விழித்திருக்கும் நேரமாகப் பாருங்கள். கண்ணுக்கு மை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு எல்லாம் அன்றைக்கு வேண்டாம். கையெழுத்துக் கட்டத்தில் பிள்ளையின் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு இடது கை, பெண் பிள்ளைக்கு வலது கை. பிள்ளைக்காக வாப்பா கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால் ஃபாரம் வீண்.

இனி கொஞ்சம் கனமான விஷயம். பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்குத் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். அதற்கு ஒரு உறுதிமொழிப் படிவம் இருக்கிறது, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருப்பவர்களுக்கு இது ஒன்றுமில்லை. வாப்பா சவூதியில், உம்மாவும் பிள்ளையும் ஊரில் என்றால், வாப்பா அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி அத்தாட்சி பெற்று அனுப்ப வேண்டும். உம்மா இங்கே தன் பங்குக்குக் கையெழுத்திட வேண்டும். லீவு முடிந்து போகும் முன்னால் பிள்ளைக்கு விண்ணப்பித்துவிட்டுப் போனால் இந்த அலைச்சல் இல்லை.

கணவன் தொடர்பில் இல்லை, கேட்டால் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்று வரும் பெண்களும் இருக்கிறார்கள். அலுவலகத்தில் வந்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் சொல்வார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: வழி இருக்கிறது. ஒரு பெற்றோர் மட்டும் கையெழுத்திடும் தனிப் படிவம் உண்டு. மற்றவரின் சம்மதம் ஏன் இல்லை என்பதை அதில் உண்மையாக எழுத வேண்டும். 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியபோது, தாய் அல்லது தகப்பன் ஒருவர் பெயர் மட்டும் கொடுத்தாலும் போதும் என்று மாற்றினார்கள். பிள்ளை யார் பொறுப்பில் என்று கோர்ட்டில் வழக்கு இருந்தால் மட்டும் அந்த உத்தரவைக் காட்ட வேண்டியிருக்கும். தகப்பன் மவுத்தாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ். ஆகவே, "அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். குடும்பச் சண்டையில் பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் பிணையாகப் பிடித்து வைப்பவர்களை ஜமாஅத் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இதைப் பெரியவர்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும் என்றே வந்தேன்.

காலம் தவறியவர்களுக்கு என்ன வழி? வேலை போய், விசா முடிந்து, அபராதத்துக்குப் பயந்து எங்கும் போகாமல் இருந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. பிள்ளைக்கு ஒன்றரை வயது, இரண்டு வயது ஆகியிருக்கும். கையில் ஆஸ்பத்திரித் தாள் மட்டும் இருக்கும். சிலரிடம் அதுவும் இருக்காது, பில் பாக்கி என்று பிடித்து வைத்திருப்பார்கள். பயம் இங்கே பெரிய எதிரி. தூதரகத்துக்குப் போனால் அங்கேயே பிடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். அது நம் நாட்டுத் தூதரகம், அந்நாட்டுப் போலீஸ் அல்ல. கஷ்டத்தில் இருக்கும் இந்தியர்களுக்கு உதவ, 2009 முதல் இந்தியச் சமுதாய நல நிதி என்று ஒன்று தூதரகங்களில் இருக்கிறது. நாம் ஒவ்வொருவரும் பாஸ்போர்ட் சேவைக்குக் கட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு அதற்குப் போகிறது. அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒரு வருடம் தாண்டிய பதிவுக்கு, ஏன் தாமதம் என்று காரணம் எழுதி, ஆதாரம் இணைத்து, தூதரகம் வழியாக மத்திய அரசின் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேரம் எடுக்கும், ஆனால் மூடிய கதவு அல்ல. அமீரகத்தில் பொதுமன்னிப்பு அறிவிப்பு வந்தால் ஒரு நாளும் தள்ளாமல் போங்கள். 2024-ல் செப்டம்பர் 1-ல் தொடங்கி டிசம்பர் 31 வரை இருந்தது. அங்கே பிறந்து காகிதம் இல்லாமல் இருந்த பிள்ளைகளுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். அவசரமாக ஊர் வந்தாக வேண்டும், பாஸ்போர்ட் எடுக்க நேரமில்லை என்றால், தூதரகம் அவசரச் சான்றிதழ் என்று ஒன்று கொடுக்கும். இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் அது செல்லும். அதை வைத்துத் திரும்பிப் போக முடியாது. அப்படி ஊரில் தங்குவதற்காகவே வந்துவிட்டால், அங்கே தூதரகத்தில் பதியாத பிறப்பை, பிள்ளை இந்தியா வந்து சேர்ந்த 60 நாளுக்குள் இங்கே பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பதியலாம். 1969-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. வந்ததும் விருந்தாளிகள் வருவார்கள், போவார்கள். 60 நாள் ஓடிவிடும்.

தலைப்பிரசவத்துக்கு ஊர் வந்து, பிள்ளையோடு திரும்பிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நகராட்சியில் பிறப்பைப் பதிவு செய்யும்போது பெயர் இல்லாமலே சான்றிதழ் வரும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். முதலில் அதைச் சேர்த்துவிட்டுப் பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த யாருக்கும், பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஆதாரம். ஆதாரும் பள்ளிச் சான்றிதழும் அதற்கு ஆகாது. இங்கே பிள்ளைக்குக் கட்டணம் 1000 ரூபாய், 8 வயதுக்குள் என்றால் அதிலும் 10 சதவீதம் தள்ளுபடி. யாராவது ஏஜெண்ட் ஐந்தாயிரம் கேட்டால் மிச்சம் எதற்கு என்று கேளுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 வருடம்தான். நம்முடையது போல 10 வருடம் என்று நினைத்து, டிக்கெட் எடுத்த பிறகு பார்க்கிறார்கள். பாஸ்போர்ட்டில் 6 மாதம் மிச்சமில்லாமல் விசா புதுப்பிக்கவும் விடமாட்டார்கள். நாலரை வருடத்தில் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். அப்போது பெற்றோர் பாஸ்போர்ட்டும் செல்லுபடியாக இருக்க வேண்டும். 15 வயது முடிந்த பிள்ளைக்கு, பெரியவர்களுக்கான கட்டணத்தைக் கட்டி 10 வருடப் பாஸ்போர்ட்டே கேட்கலாம்.

கேள்விகள் நிறைய இருக்கும் என்று தெரிகிறது, தாய்மார்கள் பக்கம் இப்போதே தாளை எடுத்துவிட்டார்கள். மக்ரிபுக்குப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன். வரும்போது பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், நிக்காஹ் பதிவு நகல் மூன்றையும் கொண்டு வாருங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்களை எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் ஃபாரத்தைத் தொடுவோம்.

வஸ்ஸலாம்.